மண்ணால் ஒரு புறா

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் ஜன்னல் பக்கம் பாருங்கள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே, கோரைப்புல்லும் தேங்கிய தண்ணீருமாக அங்கங்கே கொஞ்சம் நிலம் தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மிச்சம் மீதி. குளிர்காலத்தில் இந்த மாதிரி இடங்களுக்கு ஒரு பறவை வரும். உள்ளான் என்று பெயர். கைக்குள் அடங்கும் உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் நீளமான மூக்கு, காய்ந்த புல்லின் நிறம். பக்கத்தில் போகிறவரைக்கும் அது அங்கே இருப்பதே தெரியாது. போய்விட்டால் போச்சு. காலடியிலிருந்து விருட்டென்று கிளம்பி, இப்படியும் அப்படியுமாக வெட்டி வெட்டிப் பறந்து, நீங்கள் கண்ணை இமைப்பதற்குள் காணாமல் போய்விடும்.

இங்கிலீஷில் இதற்கு ஸ்னைப் என்று பெயர். சுடுவதற்கு இதைவிடக் கஷ்டமான பறவை கிடையாது என்பார்கள். 1770களில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு உள்ளான் சுடப் போவதுதான் பொழுதுபோக்கு. அதற்கு ‘ஸ்னைப்பிங்’ என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ‘ஸ்னைப்பர்’. இன்றைக்கு சினிமாவில் மொட்டை மாடியில் குப்புறப் படுத்துக்கொண்டு குறி பார்க்கிறாரே ஒருவர், அவருடைய உத்தியோகத்துக்குப் பெயர் கொடுத்தது நம்மூர் வயல்வெளிப் பறவை!

மதராஸைச் சுற்றியிருந்த நெல்வயல்களும் சதுப்புகளும் ஏரிகளும் துரைமார்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மைதானம். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பை நிறைந்துவிடும். சாப்பாட்டுக்குத் தேவையா என்றால், இல்லை. பின்னே எதற்கு? ஜாலிக்கு. நாலு நண்பர்கள் சேர்ந்து போவார்கள். யார் எத்தனை சுட்டார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஜெயித்தவரை மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். சாயங்காலம் க்ளப்பில் அதே கதை இன்னொரு முறை ஓடும்.

இப்போது ஒரு கேள்வி. இந்தச் சந்தோஷத்தில் சாகடிப்பதற்கு எவ்வளவு பங்கு? குறி பார்ப்பதற்கு எவ்வளவு பங்கு? கூட நாலு பேர் இருப்பதற்கு எவ்வளவு பங்கு? பறவையைக் கழித்துவிட்டால் ஆட்டத்தில் ஏதாவது மிஞ்சுமா?

இதை யாரும் மேடை போட்டு விவாதிக்கவில்லை. ஒரு சின்ன மண் தட்டு பதில் சொன்னது. அந்தத் தட்டின் கதைதான் இந்த வாரம்.

கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஒரு சூதாட்டம் சூடுபிடித்தது. புறாக்களை உயிரோடு பிடித்துப் பெட்டிக்குள் அடைத்துவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் பெட்டி திறக்கும். பறக்கும் புறாவைச் சுட வேண்டும். அதற்குமேல் எல்லாம் பந்தயப் பணம். 1793ஆம் வருடப் பத்திரிகையிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங் என்ற ஊரில் பெட்டிகூடக் கிடையாது. தரையில் குழி தோண்டி, புறாவை வைத்து, மேலே பழைய தொப்பி ஒன்றைக் கவிழ்த்துவிடுவார்கள். கயிறு கட்டிய தொப்பியை இழுத்தால் புறா கிளம்பும். அங்கிருந்த மதுக்கடைக்கே ‘பழைய தொப்பிகள்’ என்று பெயர்.

புறாவை அடைத்த பெட்டிக்கு ‘ட்ராப்’ என்று பெயர். பொறி. கயிற்றை இழுக்கச் சொல்லும் கட்டளை, ‘புல்!’ இந்த இரண்டு வார்த்தைகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

ஆட்டம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே வேறு பிரச்னை. ஒரு நாள் பந்தயத்துக்கு நூற்றுக்கணக்கில் புறா வேண்டும். எங்கே போவது? பணமும் ஆயிற்று, பறவைகளும் குறைந்துகொண்டே வந்தன. ஜனங்களும் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். 1860களில் பாஸ்டனைச் சேர்ந்த சார்லஸ் போர்ட்லாக் என்பவர் கண்ணாடி உருண்டைகளைக் கொண்டுவந்தார். மேலே எறிய வேண்டியது, சுட வேண்டியது. ஆடம் போகார்டஸ் என்ற சாம்பியன் 1877ல் அதை மேம்படுத்திக் காப்புரிமையே வாங்கினார். நிஜப் பறவை மாதிரி இருக்க வேண்டுமே? சில உருண்டைகளுக்குள் இறகுகளைத் திணித்தார்கள். சுட்டதும் காற்றில் இறகு பறக்கும். ஜனங்களுக்கு ஒரு திருப்தி!

ஆனால் உருண்டை பறக்காது. மேலே போகும், கீழே விழும். அவ்வளவுதான். மைதானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு வேறு.

1880ல் வந்தார் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி. சின்சினாட்டிக்காரர். பையன்கள் சிலர் தண்ணீரில் சிப்பி ஓடுகளை வீசி விளையாடுவதைப் பார்த்து அவருக்குப் பொறி தட்டியதாகச் சொல்வார்கள். நம் ஊர்க் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எடுத்துத் ‘தவளை’ விடுவோமே, அதேதான். தட்டையான ஓடு சுழன்றுகொண்டே போனால் காற்று அதைத் தாங்குகிறது. அப்படியானால் சுழலும் தட்டு ஒன்றைச் செய்து, எறிவதற்கு ஒரு மெஷினும் செய்தால்?

செய்தார். களிமண்ணில் தட்டு செய்து, சூளையில் வைத்துச் சுட்டார். ‘களிமண் புறா’ என்று பெயர் வைத்தார். ஆரம்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. செங்கல் மாதிரி வெந்துவிட்டதால், ரவை பட்டால் ‘டிங்’ என்று மணி அடிக்குமே தவிர உடையாது! பிறகு களிமண்ணை விட்டுவிட்டுக் கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஏறக்குறைய அந்த முறைதான். விட்டம் 110 மில்லிமீட்டர். எடை 105 கிராம். களிமண் ஒரு துளியும் கிடையாது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உயிருள்ள புறா உடனே தப்பித்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. 1900ல் பாரிஸில் ஒலிம்பிக். அதையொட்டி நடந்த புறா சுடும் போட்டியில் ஏறக்குறைய 300 புறாக்களைக் கொன்றார்கள். பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் 21 புறாக்களைச் சுட்டு ஜெயித்தார். அந்தப் போட்டியை ஒலிம்பிக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே பாரிஸில் அதே வருடம் தட்டு சுடும் போட்டியும் நடந்தது. பிரான்ஸின் ரோஜர் டி பார்பரின் ஜெயித்தார். பழசும் புதுசும் ஒரே ஊரில் எதிரெதிரே நின்ற வருடம் அது. பழசு ஒலிம்பிக்கில் அதற்குப் பிறகு தலைகாட்டவே இல்லை. 1921ல் பிரிட்டன், அடைத்துவைத்த பறவையை விடுவித்துச் சுடுவது குற்றம் என்று சட்டமே போட்டது.

ஆக, பறவையைக் கழித்தாயிற்று. மிஞ்சியது என்ன?

அதற்கு அமெரிக்காவின் ஆண்டோவர் என்ற ஊருக்கு வர வேண்டும். 1915 வாக்கில் சார்லஸ் டேவிஸ் என்பவரும் அவருடைய நண்பர்களும் வேட்டைக் காலம் இல்லாத மாதங்களில் கை மறந்துவிடக் கூடாதே என்று ஒரு விளையாட்டை உண்டாக்கினார்கள். தரையில் பெரிய கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். மணிக்கணக்குப்படி ஒவ்வோர் இடமாக நின்று சுட வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பக்கத்து நிலத்துக்காரர் கோழிப் பண்ணை ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் சுட்டால் கோழி காலி. நம்மூராக இருந்தால் பஞ்சாயத்து, வாய்க்கால் தகராறு என்று போயிருக்கும். அவர்கள் வட்டத்தைப் பாதியாக வெட்டி அரை வட்டம் ஆக்கிவிட்டார்கள். எறியும் மெஷினை எதிர்ப் பக்கமும் ஒன்று வைத்தார்கள். ஆட்டம் இன்னும் சுவாரசியமாகிவிட்டது. 1926ல் பரிசு அறிவித்துப் பெயர் கேட்டபோது கெர்ட்ரூட் ஹர்ல்பட் என்ற பெண்மணி ‘ஸ்கீட்’ என்று எழுதி அனுப்பி 100 டாலர் வாங்கினார். அந்த ஸ்கீட் இன்று ஒலிம்பிக் போட்டி. அரை வட்டம் அப்படியே இருக்கிறது. கோழிப் பண்ணைக்காரரின் உபயம்!

இப்போது ட்ராப் போட்டி எப்படி நடக்கும் என்று பார்க்கலாம். பெயரைக் கவனித்தீர்களா? புறாப் பெட்டியின் பெயர். சுடுகிறவர்கள் நிற்க ஐந்து இடங்கள். எதிரே பள்ளத்துக்குள் 15 மெஷின்கள். ஆறு பேர் ஒரு குழு. ஒருவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, ‘புல்’ என்றோ, அதே பாணியில் வேறு ஏதாவதோ ஒரு சத்தம் கொடுப்பார். மைக் அதைக் கேட்டு மெஷினைத் தட்டிவிடும். எந்தத் திசையில் வரும் என்று தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தட்டு எதிர்த்திசையில் பறந்து போகும். யோசித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்தது. தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டு உடைந்து விழுந்தால்கூடப் பாயிண்ட். ஒருவர் சுட்டதும் அடுத்தவர். பிறகு எல்லோரும் ஓரிடம் நகர்வார்கள். 25 தட்டு ஒரு சுற்று. தட்டு தானாக உடைந்து வந்தால் நடுவர், ‘நோ பேர்ட்’ என்பார். பறவை இல்லையாம்! நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தட்டுக்குப் பெயர் பறவைதான்.

இந்த ஆட்டத்தில் எதிராளி யார், சொல்லுங்கள் பார்ப்போம். கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் உங்களை அவுட்டாக்கப் பார்க்கிறான். கேரமில் எதிரே இருப்பவர் உங்கள் காயைத் தள்ளிவிடுகிறார். இங்கே பக்கத்தில் நிற்பவரால் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. உங்களாலும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பேருக்குமே எதிரி அந்தத் தட்டுதான். அதனால்தான் குழுவில் ஒருவர் தவறவிட்டால் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து ‘ச்சே’ கொட்டுகிறார்கள். அடுத்த சுற்றுக்கு முன்னால் ‘தலையைத் தூக்காதீங்க, அவசரப்படாதீங்க’ என்று யோசனை சொல்பவர், அதே போட்டியில் உங்களோடு மோதுகிறவராகவே இருப்பார்.

அமெரிக்காவில் இதற்கு விதியே இருக்கிறது. நன்றாகச் சுடுகிறவரைப் பின்னால் தள்ளி நிற்க வைப்பார்கள். 27 கஜம் வரை தள்ளுவார்கள். சுமாராகச் சுடுகிறவர் முன்னால் நிற்கலாம். கெட்டிக்காரனுக்கு அபராதம், கற்றுக்குட்டிக்குச் சலுகை. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஏற்பாடு. ‘கிராண்ட் அமெரிக்கன்’ என்ற போட்டி 1900 முதல் தட்டுகளை வைத்தே நடக்கிறது. ஓஹையோவின் வண்டாலியா என்ற ஊரில் 2005 வரைக்கும் நடந்தது, பிறகு இல்லினாயின் ஸ்பார்ட்டாவுக்குப் போனது. தாத்தா, மகன், பேத்தி என்று குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் ஜெயிக்கப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். அடுத்த வருடமும் வருவார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் வேட்டை எந்த லட்சணத்தில் நடந்தது என்பதற்கு ஓர் எண் போதும். 4,273. ராஜஸ்தானின் பரத்பூரில் 1938ல், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவும் பரிவாரமும் ஒரே நாளில் சுட்டுத்தள்ளிய பறவைகளின் எண்ணிக்கை. அதைக் கல்வெட்டில் வேறு பொறித்து வைத்தார்கள். பிகானீர் ராஜா கங்கா சிங், கஜ்னேர் மாளிகைக்கு விருந்தாளிகளை அழைத்துக் கல்கௌதாரி வேட்டை நடத்துவார். அழைப்பு கிடைப்பதே பெரிய கௌரவம்.

அந்தக் கங்கா சிங்கின் பேரன் கர்ணி சிங். 1952லிருந்து 1977 வரை பிகானீரின் எம்.பி. தாத்தா பறவையைச் சுட்டார், பேரன் தட்டைச் சுட்டார். 1960 ரோம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகள். 1961ல் அர்ஜுனா விருது. 1962ல் கெய்ரோ உலகப் போட்டியில் முதலிடத்துக்குச் சமன் ஆகி, கூடுதல் சுற்றில் தோற்று வெள்ளி வாங்கினார். டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள சுடுதளத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

1971ல் மன்னர் மானியம் போனது. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கியும் நேரமும் பழக்கமும் இருந்த ராஜ குடும்பங்களுக்கு வேட்டை போனாலும் தட்டு இருந்தது. நம் புதுக்கோட்டைத் தொண்டைமான் பரம்பரையில் வந்த பிரித்விராஜ் தொண்டைமான் இந்த வரிசையில் வருகிறவர். 2023ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து, பிரித்விராஜ் மூன்று பேரும் சேர்ந்து 361 தட்டுகளை உடைத்துக் குழுத் தங்கம் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆனால் 124 வருடம் முன்னால் 300 புறாக்களைக் கொன்ற பாரிஸின் அதே ஒலிம்பிக்கில், புதுக்கோட்டைக்காரர் ஒரு பறவையின் இறகைக்கூட உதிர்க்காமல் சுட்டுவிட்டு வந்தார்.

ராஜாக்கள் மட்டும்தானா என்றால், இல்லை. 2004 ஏதென்ஸில் ராணுவ அதிகாரி ராஜ்யவர்தன் ரத்தோர் ‘டபுள் ட்ராப்’ பிரிவில் வெள்ளி வாங்கினார். ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளைப் பறக்கவிடும் ஆட்டம் அது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் வெள்ளி. 2016க்குப் பிறகு அந்தப் பிரிவையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது.

1972 சட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் துப்பாக்கியோடு காடு மேடு சுற்றிய இன்னொரு கூட்டமும் இருந்தது. நரிக்குறவர்கள். அவர்கள் ஜாலிக்காகச் சுடவில்லை, வயிற்றுக்காகச் சுட்டார்கள். மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கொக்கு, காடை, உள்ளான் சுட்டு விற்றவர்கள். குறி தவறினால் அன்றைக்கு அடுப்பு எரியாது. சட்டம் நல்ல சட்டம், தேவையான சட்டம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ராஜாவின் வேட்டை விளையாட்டாக மாறி மெடல் வாங்கியது. குறவரின் வேட்டை குற்றமாக மாறியது. ராஜா கைக்கு ஒரு தட்டு வந்தது. இவர்கள் கைக்கு ஊசிமணி, பாசிமணி வந்தது. பஸ் ஸ்டாண்டுகளில் அவர்களைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்த்ததே 2023ல்தான். தலைமுறை தலைமுறையாகக் குறி பார்த்த கண்களுக்கு ஒரு சுடுதளத்தைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதற்குச் சரித்திரக் காரணம் இருக்கிறது. 1878ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், இந்தியன் கையில் துப்பாக்கி இருப்பதையே சந்தேகமாகப் பார்த்தது. வெள்ளைக்காரருக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். சுதந்திரத்துக்குப் பிறகு 1959ல் புதுச் சட்டம் வந்து அந்தப் பாரபட்சம் ஒழிந்தது. ஆனால் லைசென்ஸும் அலைச்சலும் ஒழியவில்லை. ஒழியவும் கூடாது என்பதே என் கட்சி. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கும் தேசம் என்ன பாடுபடுகிறது என்று தினமும் பேப்பரில் படிக்கிறோமே, போதாதா?

ஆனால் வீட்டில் துப்பாக்கி வேறு, மைதானத்தில் துப்பாக்கி வேறு. பி.காம். படித்த புத்தியோடு வரவு செலவு போட்டுப் பார்க்கிறேன். போட்டிக்கு லாயக்கான வெளிநாட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி பல லட்சம். தட்டு ஒவ்வொன்றுக்கும் காசு. தோட்டா ஒவ்வொன்றுக்கும் காசு. ஒரு சுற்றுக்கு 25 என்றால் ஒரு நாள் பயிற்சிக்கு எத்தனை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளக்காரர் தனியாக இதைத் தொட முடியாது. க்ளப்பாகச் சேர்ந்தால் தொடலாம். துப்பாக்கி க்ளப்புடையது, மைதானம் பொது, செலவு பங்கு. தேசிய ரைஃபிள் சங்கம் 1951ல் ஆரம்பித்து, மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் அதற்குத் தலைவரானபோது இருந்த எண்ணமும் இந்தத் திசையில்தான். சாதாரண ஜனங்களும் சுடக் கற்க வேண்டும்.

தரமணிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. கூப்பிடு தூரத்தில், வேளச்சேரி குருநானக் கல்லூரியில் சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டியின் துப்பாக்கி சுடுதல் அங்கேதான் நடந்தது. ஏர் ரைஃபிள், பிஸ்டல் பழகப் பிள்ளைகள் வருகிறார்கள். தட்டு சுடுவதற்கு அந்த இடம் போதாது. ரவை விழுவதற்கே நூற்றுக்கணக்கான மீட்டர் வெட்டவெளி வேண்டும். தரமணியில் வெட்டவெளிக்கு எங்கே போவது?

இன்னொன்றும் உண்டு. தட்டு ஆட்டமும் முழுக்க நிரபராதி இல்லை. ஒவ்வொரு தோட்டாவிலும் 24 கிராம் ரவை. ரவை என்றால் ஈயம். அது மண்ணில் தங்கும், தண்ணீரில் கலக்கும், வாத்தும் நாரையும் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கும். 2023லிருந்து ஐரோப்பிய யூனியன் ஈர நிலங்களில் ஈய ரவைக்குத் தடை போட்டிருக்கிறது. பறவையைக் காப்பாற்ற வந்த ஆட்டம் பறவைக்கு விஷம் வைக்கக் கூடாதல்லவா? நாளைக்கு நம் பக்கம் மைதானம் அமைக்கிறவர்கள் முதல் நாளே யோசிக்க வேண்டிய விஷயம்.

உள்ளான் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். துரைமார்களின் துப்பாக்கிக்குத் தப்பித்துவிட்டது. 1972 சட்டம் அதற்குப் பாதுகாப்பும் கொடுத்தது. ஆனால் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் விரிந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை மேடும் ரோடும் கட்டடமும் போக மிஞ்சியது கொஞ்சம்தான். அந்த மிச்சத்துக்கு 2022ல் ‘ராம்சார்’ அந்தஸ்து கிடைத்தது. ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல், பத்திரப் பதிவும் லாரி மண்ணும் வைத்தே துரைமார்களைவிட அதிகச் சேதத்தை நாம் செய்துவிட்டோம்.

குறி பார்க்கிற சந்தோஷத்துக்கு உயிர் தேவையில்லை, ஒரு தட்டு போதும் என்று உலகம் கண்டுபிடிக்க நூறு வருடம் ஆயிற்று. நாலு பேர் சேர்ந்து நின்று, ஒருவர் தவறவிட்டதற்கு மற்றவர்கள் வருத்தப்படும் அந்த ஆட்டம் நல்ல ஆட்டம். ராஜா வீட்டுப் பிள்ளையோடு சம்பளக்காரரும், அவர் பக்கத்தில் குறவர் வீட்டுப் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று ‘புல்’ என்று குரல் கொடுக்கிற நாள் வந்தால் அது முழுமையான ஆட்டமாகும். அன்றைக்கு அந்த மைதானத்துக்கு மேலே ஒரு நிஜ உள்ளான் குறுக்கே பறந்தால், துப்பாக்கியைத் தாழ்த்தி அதற்கு வழிவிடலாம். ட்ராப் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தைதான் அப்போது நடுவர் சொல்ல வேண்டியிருக்கும்: நோ பேர்ட்!